தெருமுனையில் நின்றவள்

நகரப் பேருந்து திரும்பிப் போகும் கடைசி நிறுத்தத்துக்கு மேலே ஒரே ஒரு தெருதான். அதற்கப்பால் காடு. தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி, நெருக்கியடித்து உட்கார்ந்தவர்களைப் போல வரிசையாக இருக்கும். முன்வாசல்கள் நகரத்தைப் பார்க்கும். பின்வாசல்கள் தைல மரங்களைப் பார்க்கும். கோடை மத்தியானங்களில் அந்த மரங்களிலிருந்து எண்ணெய் வாசனை இறங்கி வந்து சமையலறை ஜன்னலில் நுழைந்து, கொடியில் காயும் துணியிலும் தலையணையிலும் ஏறிக்கொள்ளும். தூக்கமே வராதவர்களுக்கும் கண் சொருகும். புதிதாகக் குடிவந்தவர்கள், "ஆகா, என்ன வாசனை!" என்பார்கள். பழையவர்கள் பேசாமல் இருப்பார்கள். எரியப்போவது அந்த எண்ணெய்தான் என்று அவர்களுக்குத் தெரியும்.

வரிசையின் நடுவீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். அவளைத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிட்டது. அவளுடைய நாத்தனார் அப்படிக் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது. நாத்தனாரின் பெயர் சுண்டு. குழந்தையில் சுண்டுவிரல் மாதிரி இருந்தாளாம். அண்ணன் வைத்த பெயர். பிறகு அவள் வளர்ந்த வளர்த்திக்கு வாசல் நிலையில் தலை இடிக்கும். பெயர் மட்டும் வளரவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. ஆவியில் வெந்து, படுக்கை விரிப்புகளை மடித்து மடித்து, அவள் கைகள் எப்போதும் வெளுத்து ஊறியே இருக்கும்.

கட்டியவன் சரியில்லை என்று சுண்டு திரும்பி வந்தபோது, கூரை வேலை செய்துகொண்டிருந்த அண்ணன், வீட்டின் பின்சுவரோடு ஒட்டி மரப்பலகையால் ஓர் அறை அடித்துக் கொடுத்தான். சில வருஷங்களில் அவன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான். குழந்தை குட்டி கிடையாது. பெண்கள் இருவரும் அப்படியே இருந்துவிட்டார்கள். ஒரே அடுப்பு, ஒரே கெட்டில், இரண்டு வாய். உப்புக்குச் சண்டை, ஜன்னலைத் திறந்து வைத்ததற்குச் சண்டை. அண்ணி காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது சுண்டு முட்டையை அவித்துக் காகிதத்தில் சுற்றிக் கையில் திணிப்பாள். திணிக்கும்போதும் ஏதாவது திட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் மழை இல்லை. காட்டில் கால் வைத்தால் சருகு அப்பளம் மாதிரி நொறுங்கியது. நகராட்சி விழித்துக்கொண்டு, காட்டோர வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆள் அனுப்பியது. இவர்கள் தெருவுக்குத் தீயணைப்பு நிலையத்திலிருந்து ஓர் அதிகாரியம்மா வந்தாள். கூரையைப் பார்த்தாள். கூரையோரத்து மழைநீர்த் தகரக்கால்வாயில் கைவிட்டுச் சருகை அள்ளிப் போட்டாள். பின்பக்கம் வந்து சுண்டுவின் அறைப் பலகையில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

"இது யாரோட ரூமு?"

"என்னோடது. ஏன்?" என்றாள் சுண்டு.

"நல்லா செஞ்சிருக்காங்க. ஆனா இத எடுத்துடணும்மா."

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டு இந்த இடத்த வெறும் மண்ணா விடணும். காட்டுத்தீ நடந்து வீட்டுக்கு வராது. காத்துல கங்கு பறக்கும். மேட்டுக்கு அந்தப் பக்கம் எரியும்போதே இங்க வந்து விழும். ஓட்டுல விழுந்தா அணைஞ்சிடும். பலகையில விழுந்தா இடுக்குல போய் உக்காந்துக்கும். இந்த ரூம் புடிச்சா உங்க வீடு. உங்க வீடு புடிச்சா தெருவே போயிடும், எல்லாம் ஒரே சுவரு. விளக்குக்குத் திரி வெச்ச மாதிரி இருக்கு இது."

"இது திரியாம். அப்ப நான் யாரு, எண்ணெயா?"

அதிகாரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுத் தபால்காரர் மதில் மேல் தாடையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"சுண்டு, அவங்க நல்லதுக்குத்தான் சொல்றாங்க."

"நீங்க மொதல்ல உங்க கூரைமேல கெடக்கிற சருகை அள்ளுங்க. அதுல இன்னொரு காடே மொளைச்சிருக்கு."

"அதுக்கு ஏணி வேணும்மா."

"வாயிருக்கிற அளவுக்கு ஏணி இருந்தா எப்பவோ ஏறியிருப்பீங்க."

அண்ணி அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். பேருந்தின் அதிர்வு இன்னும் தொடையில் இருந்தது. பலகைச் சுவரையும் அதன் பின்னால் மத்தியான வெயிலில் ஆடாமல் நின்ற மரங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அமைதியாக இருக்கிற ஒன்று வீட்டை எரிக்கும் என்று நம்புவதற்குக் கஷ்டமாக இருந்தது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தெரு முழுக்க வாருகோல் சத்தம்தான். கிளைகளைத் தறித்தார்கள். உரிந்து தொங்கிய பட்டைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி லாரியில் ஏற்றினார்கள். கூரைக்கடியில் காற்றுப் போகிற ஓட்டைகளுக்குக் கம்பிவலை அடித்தார்கள். தபால்காரர் கடைசியில் ஏணி இரவல் வாங்கி ஏறி, இறங்கத் தெரியாமல் மேலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றார். வாசல்தோறும் ஒரு பை தயாராக நின்றது: மருந்து, தண்ணீர், மாற்றுத்துணி, டார்ச். சங்கு ஊதினால் பையை எடுத்துக்கொண்டு கீழே விளையாட்டு அரங்குக்கு நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு நாள் ஒத்திகைக்குச் சங்கு ஊதினார்கள். தெருவே ஊர்வலமாக இறங்கிப் போயிற்று. சுண்டு மட்டும் அறையில் உட்கார்ந்து துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒத்திகையில் அண்ணிக்கு வேறு வேலை இருந்தது. தெருவைத் தாண்டிக் காட்டுக்குள் ஏறும் சாலையில், மேட்டில் ஒரு முதியோர் இல்லம் உண்டு. தீ வந்தால் அங்கே இருக்கிறவர்களை ஏற்றிவர ஒரு பேருந்து ஒதுக்கியிருந்தார்கள். அதை ஓட்ட அண்ணி. ஒத்திகை முடிந்ததும் டிப்போ மேலாளர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார்.

"வழி உங்க தெருமுனையத் தொட்டுத்தான் போகுது. அதான் உங்ககிட்ட முன்னாடியே சொல்லிடறேன். அன்னைக்கு உங்க வீட்டுப் பக்கம் வண்டியத் திருப்பக் கூடாது. தெருக்காரங்க நடந்து எறங்கிடுவாங்க. இல்லத்துல இருக்கிறவங்களால நடக்க முடியாது. ஒரு தடவ நிறுத்தினா பின்னாடி மொத்த வண்டியும் நிக்கும். முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, வேற ஆளப் போட்டுக்கறேன்."

"முடியும் சார்" என்றாள் அண்ணி.

அன்று சாப்பாட்டு மேசையில் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அன்னைக்கு நான் வரமாட்டேன் சுண்டு. நீயா எறங்கிப் போகணும்."

"நான் எங்கயும் போகல. என் ரூம்ல இருப்பேன்."

"வெளையாடாத. அந்த ரூமே இருக்கக் கூடாதுங்கறாங்க."

"யாரு? மதில்மேல தாடைய வெச்சிருக்கிற ஆளா?"

"தெருவே சொல்லுது. இன்னைக்குக் கடைசி வீட்டுக்காரி பஸ்ல ஏறி எல்லார் முன்னாடியும் கேக்கறா, ஒரு ரூமுக்காக எங்களையெல்லாம் கொளுத்தப் போறீங்களான்னு. நான் என்ன சொல்லட்டும்? புடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு நிக்கறியே!"

"நிக்கறேன். எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்."

"அதுக்காக என் வீடு எரியணுமா?"

சொன்னவுடன், 'என் வீடு' என்றது அண்ணிக்கே கேட்டது. சுண்டு கையிலிருந்த உருளைக்கிழங்கை உரித்து முடித்து, பாத்திரத்தில் போட்டு, கையைத் துடைத்தாள்.

"சரிங்க அண்ணி" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்விட்டாள்.

சுண்டு கத்தினால் அண்ணிக்குப் பழக்கம். 'சரிங்க' என்று சொன்னால் என்ன செய்வதென்று தெரியவில்லை.

மறுநாள் வேலை முடிந்து அவள் மேடேறி வரும்போதே ஆணி பிடுங்கும் சத்தம் கேட்டது. சுண்டு சலவைக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கடப்பாரையோடு நின்றிருந்தாள். அண்ணி பை வைக்கப் போன நேரத்தில் ஒரு பக்கத்துப் பலகைகள் முழுக்க இறங்கிவிட்டன. "நானும் வரேன்" என்றதற்குச் சுண்டு அடுத்த ஆணியில் கடப்பாரையைக் கொடுத்தாள். அண்ணி கையுறையை மாட்டிக்கொண்டு மறுபக்கத்தில் ஆரம்பித்தாள். இருவரும் பலகை பலகையாக இறக்கினார்கள். தபால்காரர் வந்து பலகைகளைத் தெருமுனை லாரிக்குத் தூக்கிப் போனார். அன்றைக்கு அவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டொரு நாளில் சுவர்கள் போய்க் கூரையும் போயிற்று. கட்டில், சின்ன அலமாரி, இஸ்திரி மேசை எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே நின்றன. நடுவில் சுவர் இல்லை. பின்னால் மரங்கள். அண்ணி சாயங்காலம் பின்வாசலைத் திறந்தபோது சுண்டு அந்தக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள். மரநிழல்கள் அவள்மேல் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. ஒரு பட்டை உரிந்து காற்றில் அசைந்து இறங்கிப் போர்வைமேல் விழுந்தது. எழுப்ப மனசில்லாமல் அண்ணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறவளைச் சுற்றி வீடு கரைந்து போனது போலவும், காடே எழுந்து உள்ளே வந்து நிற்பது போலவும் இருந்தது.

விழித்ததும் சுண்டு கட்டிலை ஹாலுக்கு இழுத்துப்போட்டாள்.

"என் ரூம்ல போட்டுக்கயேன். எடம் இருக்கு" என்றாள் அண்ணி.

"ஹால் போதும். உங்க வீடு."

அதற்குப்பின் முட்டை மட்டும் தவறாமல் வந்தது. மேசைமேல் காகிதத்தில் சுற்றி வைத்திருக்கும். திட்டு வரவில்லை. திட்டில்லாமல் அந்த முட்டை அண்ணிக்கு ருசிக்கவில்லை.

தீ வந்த நாளன்று விடிந்ததே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. காற்று காட்டிலிருந்து நகரத்தை நோக்கி அடித்தது. சூரியன் எழும்பியும் வெளிச்சம் வரவில்லை. பழைய பித்தளைப் பாத்திரத்தில் பட்ட வெளிச்சம் மாதிரி ஒரு மஞ்சள் எல்லாவற்றின் மேலும் படிந்திருந்தது. தெருநாய்கள் குரைக்காமல் திரிந்தன. அண்ணி டிப்போவில் இருந்தாள். முற்பகலில் சங்கு ஊதியது. ஒத்திகையில் கேட்ட அதே சங்குதான்.

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். லைன் போகவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்த செல்போன் கோபுரம் அப்போதே எரிந்துபோயிருந்தது.

முதியோர் இல்ல வாசலில் எல்லோரையும் கொண்டுவந்து தயாராக வைத்திருந்தார்கள். ஈரத்துண்டால் மூக்கை மூடி, போர்வை சுற்றி, சக்கர நாற்காலியிலும் மெத்தையிலுமாக. நர்ஸ் ஒருத்தி ஓடி ஓடி ஏற்றினாள். அண்ணியும் இறங்கித் தோள் கொடுத்தாள். சாம்பல் விழுந்துகொண்டிருந்தது, சத்தமே இல்லாமல், முடியிலும் இமையிலும். எல்லோரும் ஏறிய பிறகு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் கேட்டார்:

"அம்மா, அடுத்த ஸ்டாப்பு எது?"

"ஆஸ்பத்திரி தாத்தா."

"நடுவுல நிக்காதா?"

"நிக்காது."

வைப்பரைப் போட்டாள். அது சாம்பலை இரண்டு பக்கமும் ஒதுக்கியது. ஹெட்லைட் வெளிச்சம் கொஞ்ச தூரம் போய்ப் புகையில் கரைந்தது. சாலை அவளுக்கு மனப்பாடம். வருஷக்கணக்காக நடந்த வளைவுகள், ஒத்திகையில் ஓட்டியும் இருக்கிறாள். ஆனால் அன்றைக்கு எதுவும் அதனதன் இடத்தில் இல்லை. இல்லத்தின் பெயர்ப்பலகை புகையிலிருந்து நீந்தி வந்து பின்னால் போயிற்று. ஒரு பெட்டிக்கடை வந்து போயிற்று. பேருந்து ஓடுவதாகவே தெரியவில்லை. ஊர்தான் அதைத் தாண்டி மிதந்து போனது. பின்னால் யாரோ மெல்லிய குரலில் தாலாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு என்று தெரியவில்லை.

அப்புறம் அவளுடைய தெருமுனை வந்தது.

ஒரு போலீஸ்காரர் டார்ச்சை ஆட்டி, போ போ என்று விரட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கொஞ்சம் தள்ளி, புகைக்குள், ஓர் உயரமான உருவம் நின்றது. தோளில் இரண்டு பைகள். ஒரு கை மேலே எழுந்து அசைந்தது.

அண்ணியின் கால் பிரேக்குக்கு நகர்ந்தது. பின்னால் ஒருத்தர் இருமினார், மூச்சு கிடைக்காத இருமல். கண்ணாடியில் பார்த்தாள்: இவள் பேருந்துக்குப் பின்னால் ஆம்புலன்ஸ், அதற்குப் பின்னால் வண்டிகளின் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக. கால் திரும்பிப் போயிற்று. உருவம் பக்கக் கண்ணாடிக்குள் வந்தது, சின்னதாயிற்று, புகை மூடிக்கொண்டது. கை அப்போதும் மேலேதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லோரையும் இறக்கி முடித்ததும், திரும்பி மேலே போகிறேன் என்று அவள் நின்றாள். சாலையை அடைத்துவிட்டோம் என்றார்கள். பேருந்தை நேரே விளையாட்டு அரங்குக்கு விட்டாள். அரங்கம் முழுக்கப் பாய்களும் பைகளும் அழுகிற குழந்தைகளும். தபால்காரர் ஒரு கம்பத்தில் சாய்ந்து காகிதக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"சுண்டு எங்க?"

"இங்கதான் இருப்பா. சங்கு ஊதினதும் ஒவ்வொரு கதவா ஒதைச்சு எங்களக் கெளப்பினதே அவதானே. என் செருப்பக்கூடப் போட விடல. கடைசி வீட்டுக்காரியோட கொழந்தையத் தூக்கிட்டு ஓடினா. பின்னாடியே வர்றேன்னாளே…" அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் முகமும் மாறிற்று. "வரலையா?"

கடைசி வீட்டுக்காரியைத் தேடிப் பிடித்தார்கள். குழந்தை அவள் மடியில் இருந்தது. "கொழந்தைய எங்கிட்டக் குடுத்துட்டு, இதோ வந்துடறேன்னு திரும்பி மேல ஏறினாங்க" என்றாள் அவள். பிறகு அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி கையை உருவிக்கொண்டு வெளியே வந்தாள்.

அரங்க வாசலில் நின்றால் மேடு தெரியும். அன்று மேடு இல்லை. கறுப்புச் சுவர் ஒன்று இருந்தது, அதன் அடியில் ஒரு சிவப்புக் கோடு. 'நிறுத்துங்கன்னுதான் கைய காட்டினா. என்னைப் பாத்து. நான் பாத்துட்டுத்தான் போனேன்.' இந்த மூன்று வாக்கியங்களும் மாற்றி மாற்றி அவளுக்குள் ஓடின. யாரிடம் சொல்வது? சொன்னால், சரியாகத்தானே செய்தாய் என்பார்கள். அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை. வண்டியை டிப்போவுக்குக் கொண்டுபோய்த் தண்ணீரும் டீசலும் போட வேண்டும், அடுத்த நடை எப்போது வேண்டுமானாலும் வரும். அவள் கைகள் அந்த வேலையைச் செய்தன. பேருந்தை அவள் ஓட்டினாள் என்று சொல்ல முடியாது, கைகள் ஓட்டின.

டிப்போவில் ஓட்டுநர்களின் ஓய்வறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே மரப்பெஞ்சில், கால் நீட்ட இடம் போதாமல் முழங்காலை மடக்கி, பைகளைத் தலைக்கு வைத்துக்கொண்டு ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கரி. செருப்பு அறுந்து தரையில் கிடந்தது.

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்புறம் பெஞ்சின் ஓரத்தில், இருந்த கொஞ்சம் இடத்தில், உட்கார்ந்தாள். பெஞ்சு அசைந்ததும் சுண்டு கண் விழித்தாள்.

"வந்துட்டீங்களா. எவ்ளோ நேரம்?"

"இங்க… இங்க என்னடி பண்ற? அரங்குக்குத்தான போகச் சொல்லியிருக்கு!"

"அரங்குக்குப் போனா நீங்க எப்ப வருவீங்கன்னு யாருக்குத் தெரியும்? எங்க சுத்தினாலும் வண்டிய ஷெட்டுக்குத்தான கொண்டாரணும். குறுக்கால கால்வாய்க் கரையோரமா நடந்து வந்தேன். செருப்பு போச்சு."

"கொழந்தையக் குடுத்துட்டு எதுக்குத் திரும்ப மேல போன?"

"தபால்காரர் வீட்டு வாசல்ல அவரோட பை நிக்குது. மனுஷன் மருந்து இல்லாம ரெண்டு நாள் தாங்கமாட்டாரு. எடுத்துட்டுத் தெருமுனைக்கு வரேன், உங்க வண்டி வருது."

அண்ணி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தேன்" என்றாள். "நீ நிறுத்தச் சொல்லிக் கைய காட்டின. நான் நிறுத்தல."

"நிறுத்தச் சொன்னனா? யாரு?" சுண்டு எழுந்து உட்கார்ந்தாள். "போங்க போங்கன்னு காட்டினேன்! என்னைப் பாத்துட்டு நிறுத்தித் தொலைச்சிடுவீங்களோன்னு பயந்து போய்க் காட்டினேன். வண்டி வேற லேசா மெதுவானப்ப எனக்கு உசுரே போச்சு."

வெளியே யாரோ பேருந்தின் மேல் தண்ணீர் அடித்துச் சாம்பலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"நீ போகச் சொன்னது எனக்குத் தெரியாதுல்ல சுண்டு. நீ நிறுத்தச் சொல்றன்னுதான் நெனச்சேன். நெனச்சும் போயிட்டேன்."

"தெரியும். உங்க மூஞ்சியப் பாத்தேனே கண்ணாடி வழியா. அதான் அரங்குக்குப் போகாம இங்க வந்தேன். இல்லன்னா இந்த மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நீங்க ஊரெல்லாம் வண்டி ஓட்டுவீங்க. யாரு மேலயாவது ஏத்திட்டீங்கன்னா?"

அண்ணிக்கு அழுகை வந்தது. சுண்டு தன் பையைத் துழாவி, உள்ளேயிருந்து காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவள் மடியில் போட்டாள்.

"காலைல மறந்துட்டுப் போயிட்டீங்க. அவிச்சு வெச்சா எடுத்துட்டுப் போகக்கூடத் துப்பில்ல. தின்னுங்க. கரியா இருக்கேன்னு பாக்காதீங்க, மேல காகிதத்துலதான்."

சாயங்காலம் காற்று திரும்பியது. டிப்போ மேலாளர் ரேடியோவில் கேட்டுவந்து சொன்னார். கடைசி வீட்டின் கூரை பாதி போயிற்று. தீயணைப்புக்காரர்கள் அதோடு நிறுத்திவிட்டார்கள். மற்ற வீடுகள் நிற்கின்றன. முதியோர் இல்லம் இருந்த இடத்தில் எதுவும் இல்லை.

"நீங்க அங்கிருந்து எறங்கின கொஞ்ச நேரத்துல புடிச்சிருக்கு" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்கள ஆஸ்பத்திரியில ராத்திரி வெச்சுக்க எடமில்லையாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் காலேஜ் விடுதியத் திறந்து விட்டிருக்காங்க. இன்னொரு நடை அடிக்கணும். முடியுமா, இல்ல வேற ஆளப் போடட்டுமா?"

"முடியும் சார்."

"நானும் வரேன்" என்றாள் சுண்டு. "அந்த நர்ஸு ஒத்தையா என்ன பண்ணுவா? படுத்துக் கெடக்கிறவங்களுக்கு விரிப்பு மாத்தத் தெரியணும்ல. அப்படியே அரங்கு வாசல்ல ஒரு நிமிஷம் நிறுத்துங்க, தபால்காரருக்கு மருந்தக் குடுத்துடறேன். இப்ப நிறுத்தலாம்ல?"

"நிறுத்தலாம்."

அரங்கு வாசலில் தபால்காரர் பையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஆஸ்பத்திரியில் எல்லோரையும் மறுபடி ஏற்றினார்கள். சுண்டு ஒவ்வொருவரையும் விரிப்போடு சேர்த்துப் பிடித்து அலுங்காமல் உட்கார வைத்தாள், படுக்க வைத்தாள். யாரோ ஒரு பாட்டியம்மாவிடம், "கால நீட்டிக்கோங்க, நம்ம பஸ்ஸுதான்" என்று சொன்னது முன்னால் கேட்டது. எல்லாம் முடிந்து, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த ஒற்றைச் சீட்டில் வந்து விழுந்தாள்.

பாலத்தை நெருங்கும்போது சாம்பல் விழுவது நின்றிருந்தது. ஆற்றின்மேல் புகை தாழ்வாகப் படுத்திருந்தது, அக்கரை விளக்குகள் அதற்குள் மஞ்சள் மஞ்சளாகக் கசிந்தன. பின்னால் பேச்சுச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. அண்ணி கண்ணாடியைப் பார்த்தாள். சுண்டு ஜன்னலில் தலையைச் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிப்போயிருந்தாள். பாலத்தின் இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் அவள் தலை கண்ணாடியில் இடித்தது.

அண்ணி கியரைக் குறைத்தாள். பின்னால் வந்த கார்க்காரன் ஹாரன் அடித்தான். இன்னொருத்தன் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டான். அவள் கையை வெளியே நீட்டி, தாண்டிப் போங்கள் என்று சைகை காட்டிவிட்டு, இருந்த வேகத்திலேயே பாலம் முழுவதையும் கடந்தாள்.